பாராட்டு போதவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன்

எண்ணூர் கழிமுகத்தில் நீர்மட்டம் அளக்க நாங்கள் செய்த புதிய சென்சார் கருவியை, மென்பொருள் எழுதும் நண்பர்களிடம் கொடுத்துக் கருத்து கேட்டேன். "நன்றாக இருக்கிறது" என்பதோடு சரி. அதை வைத்து எதைத் திருத்துவது?

தண்டையார்பேட்டை அறையில் ஒவ்வொருவராக உட்காரவைத்து, பெட்டியைப் பிரிப்பதிலிருந்து முதல் அளவு திரையில் வரும்வரை வாய் திறக்காமல் பார்த்தேன். வைஃபை கடவுச்சொல் தவறானாலும் அதே நீல விளக்குதான் மின்னியது. பாவம், எல்லோரும் அங்கேயே திணறினார்கள். இப்போது அதற்குச் சிவப்பு விளக்கு.

ஒரு தம்பி கேட்டது இன்னும் முக்கியம்: "அக்கா, தூரம் மட்டும் வருகிறதே, வெப்பநிலை எங்கே?" கருவி ஒலியை அனுப்பி, அது நீரில் பட்டு எதிரொலியாகத் திரும்பும் நேரத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறது. காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர், டிகிரிக்கு 0.6 மீட்டர் கூடும். மதிய வெயிலில் அளவு பிசகத்தானே செய்யும்! எதிரொலி திரும்பும் நேரத்தையும் வெப்பநிலையையும் இப்போது சேர்த்தே அனுப்புகிறோம்.