கொழும்புப் பாட்டுகளைக் கையோடு கொண்டுபோக

வேலைக்கோ படிப்புக்கோ கொழும்பில் ஒரு வருடம் இருந்துவிட்டு உங்கள் நாட்டுக்குத் திரும்புகிறீர்களா? இங்கே பிடித்துப்போன பாட்டுகளைப் போகுமுன்பே சேர்த்துவிடுங்கள். காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸில் பைலா என்னும் இலங்கைத் துள்ளல் பாட்டு நல்லதொன்று கேட்டால் உடனே போனில், ஒலிக்கும் பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஷாஸாம் செயலியைத் தட்டுங்கள். டேட்டா இல்லாவிட்டாலும் பதிந்துவைத்து, இணைப்பு வந்ததும் பெயர் சொல்லும். அதற்கும் அகப்படாவிட்டால் கொண்டக்டரைக் கேளுங்கள், அநேகமாக அவருக்குத் தெரிந்திருக்கும்! சிங்களப் பாட்டென்றால் பெயரைச் சிங்கள எழுத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், தேடித் தேடியே அலுத்துப்போகும். ஸ்பொட்டிஃபையில் தரவிறக்கியதை மட்டும் நம்பவேண்டாம். 30 நாளைக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைக்காவிட்டால் தரவிறக்கியவை போய்விடும். சில பாட்டுகள் நாடு மாறினாலே ஒலிக்காது. பாடகர் பெயரோடு தனியாக ஒரு பட்டியல் எழுதிவைத்தால் வேறு செயலிகளிலும் தேடலாம்.