டொக்டரின் முத்திரையில் பதிவு எண் இருக்கிறதா?

வெள்ளவத்தையில் ஒருவர் என் அம்மாவின் தோல் அரிப்புக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். துண்டின் கீழே நீல மையில் முத்திரை, பெயருக்குப் பின்னால் நாலு பட்டங்கள், எல்லாம் இருந்தன, பதிவு எண்ணைத் தவிர. அதை நான் கவனித்ததே அரிப்பு கழுத்தைத் தாண்டி முகத்துக்கு ஏறிய பிறகுதான். நீங்கள் டொக்டரைச் செனல் பண்ணும் முன்பே, அதாவது பார்க்க நேரம் பதியும் முன்பே, பதிவு எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

ஆங்கில மருத்துவம் பார்க்கும் டொக்டர், பல் டொக்டர் எல்லோரும் கொழும்பு நொரிஸ் கெனல் வீதியிலுள்ள இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் படித்து வந்தவர் என்றாலும் சபையின் பரீட்சையில் தேறித்தான் ஆக வேண்டும். சபையின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடலாம். எண்ணைக் கேட்டு வாங்கித் தேடுவதுதான் நல்லது, ஏனென்றால் நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயர் மூன்று விதமாக வரும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், ஒழுங்காகப் பதிந்த டொக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஒன்றைக் கவனியுங்கள். சித்த வைத்தியரை அந்தப் பட்டியலில் காணவில்லை என்றால் உடனே போலி என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களின் பதிவு 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வேறாக இருக்கிறது. தாதியருக்கும் தனிச் சபை உண்டு.

சரி, தவறு நடந்துவிட்டது, எங்கே போவது? டொக்டரின் நடத்தை பற்றியென்றால் மருத்துவ சபை. தனியார் ஆஸ்பத்திரியின் சேவை பற்றியென்றால் 2006ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தல் சபை. மருந்தின் தரம், பாமசி என்றால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. இடம் மாறிக் கொடுத்தால் மாதக்கணக்கில் அலைய நேரும்.

மருத்துவ சபைக்குச் சும்மா கடிதம் எழுதினால் போதாது, சத்தியக்கடதாசியாக, அதாவது உண்மை என்று சத்தியம் செய்து எழுதிய கூற்றாக, கொடுக்க வேண்டும். எந்தத் திகதி, என்ன சொல்லிப் போனீர்கள், என்ன மருந்து தந்தார், பிறகு என்ன ஆனது என்று வரிசையாக எழுதி, சமாதான நீதவான் முன்னால் கையெழுத்திடுங்கள். கோபத்தில் வரும் வார்த்தைகளை விட்டுவிடுங்கள், நடந்ததை மட்டும் எழுதினால்தான் அது நிற்கும். தமிழிலேயே எழுதலாம், அது அரசியலமைப்பு தந்த உரிமை, சிங்களத்தில் கொண்டு வா என்று யாராவது சொன்னால் பின்வாங்காதீர்கள். மருந்துத் துண்டு, பற்றுச்சீட்டு, டயக்னோசிஸ் காட் ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும். அரச ஆஸ்பத்திரியில் உங்களுடைய ஆவணங்களைத் தராமல் இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள், 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்லியாக வேண்டும்.

முறைப்பாட்டை முதலில் ஒரு பூர்வாங்கக் குழு பார்க்கும். விஷயம் இருக்கிறது என்று பட்டால் நடத்தை விசாரணைக்குப் போகும், பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் வரை சபைக்கு இருக்கிறது. ஆனால் நட்டஈடு அங்கே கிடைக்காது, அதற்கு நீதிமன்றம்தான், அந்த வழியில் போவதாக இருந்தால் சட்டத்தரணியை இப்போதே பாருங்கள், காலம் கடந்தால் வழக்குப் போட முடியாமல் போகும்.

அப்புறம், முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பி அந்தச் சிட்டையைப் பத்திரமாக வையுங்கள்.