கையால் தட்டினால் ஓடுகிறது, பைதானில் மட்டும் ஏன் ஓடவில்லை?

விண்டோஸில் நெட்வொர்க் ஃபோல்டரை இணைக்கும் நெட் யூஸ் கட்டளையை பைதான் வழியாக ஓட்டும்போது பிழை எண் 53 (நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை) வந்தால், சர்வரைச் சந்தேகிக்கும் முன் பேக்ஸ்லாஷை (\) எண்ணிப் பாருங்கள். நீங்கள் எழுதியது \\சர்வர்\ஷேர். ஆனால் பைதான் முதல் இரண்டு பேக்ஸ்லாஷையும் சேர்த்து ஒன்றாக்கிவிடும். கட்டளைக்குப் போய்ச் சேர்வது \சர்வர்\ஷேர். அப்படி ஒரு பாதையே கிடையாது. மேற்கோள் குறிக்கு முன்னால் ஆர் என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் போதும், எழுதியது எழுதியபடியே போகும். ஓட்டுவதற்கு முன் அந்த வரியை ஒருமுறை பிரின்ட் செய்து பாருங்கள். எனக்கு அரை நாளை மிச்சப்படுத்திய பழக்கம் இது.

53க்குப் பதில் 1219 வந்தால் விஷயம் வேறு. அதே சர்வருக்கு வேறொரு பயனர் பெயரில் ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது. பழையதை நெட் யூஸ் கட்டளையிலேயே டெலீட் கொடுத்துத் துண்டித்துவிட்டு மறுபடி இணையுங்கள். ஆனால் நட்சத்திரக் குறி போட்டு டெலீட் செய்யாதீர்கள், எல்லா இணைப்பும் போய்விடும்.

சரி, பிழையே கண்ணில் படவில்லையா? கட்டளைகளை ஓட்ட உதவும் பைதானின் சப்பிராசஸ் மாட்யூலில் வெளியீட்டை மட்டும் பிடித்தால் போதாது. பிழைச் செய்தி எஸ்டிடிஎர்ர் என்ற தனி வழியில்தான் வரும், அதையும் பிடியுங்கள்.

அப்புறம், குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர் வழியாக ஓடும் ஸ்கிரிப்டுக்கு, இசட் என்ற டிரைவ் எழுத்தில் நீங்கள் இணைத்த ஃபோல்டர் பெரும்பாலும் தெரியாது. டிரைவ் இணைப்பு அந்தந்த லாகினுக்கு மட்டுமே சொந்தம். அட்மினாகத் திறந்த விண்டோவிலும் பெரும்பாலும் இதே கதைதான். டிரைவ் எழுத்தை விட்டுவிட்டு \\சர்வர்\ஷேர் என்ற முழுப் பாதையையே ஸ்கிரிப்டில் கொடுங்கள்.