அமிகா கணினியை இன்றைய மானிட்டரில் இணைப்பது எப்படி: 15 கிலோஹெர்ட்ஸிலிருந்து எச்டிஎம்ஐ வரை

பரணில் கிடந்த, கமடோர் நிறுவனத்தின் பழைய வீட்டுக் கணினியான அமிகா 500 ஒன்றை எடுத்துத் துடைத்து, எங்கோ வாங்கிய அடாப்டர் வழியாக மேசைமேல் இருக்கும் தட்டை மானிட்டரில் இணைப்பவர் முதலில் காண்பது பெரும்பாலும் கறுப்புத் திரையைத்தான். வரும் சிக்னல் தன் வரம்புக்குள் இல்லை என்று மானிட்டர் ஒரு சிறு கட்டத்தில் அறிவிக்கும். சில மானிட்டர்கள் அதைக்கூடச் சொல்லாமல் உறங்கிவிடும். கணினி பழுதாகிவிட்டது என்று எண்ணி அதை மூலையில் வைத்துவிட வேண்டாம். அந்தச் சிறு கட்டம் தோன்றினாலே கணினி ஏதோ ஒரு சிக்னலை அனுப்பிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

சிக்கல் கிடைமட்ட அதிர்வெண்ணில், அதாவது திரையில் ஒரு நொடிக்கு எத்தனை கோடுகள் வரையப்படுகின்றன என்பதில் இருக்கிறது. 1985இல் முதல் அமிகா வெளிவந்தபோது, வீட்டுத் தொலைக்காட்சியே அதன் திரையாகவும் இருக்கலாம் என்பதற்காக அதன் சிப்கள் தொலைக்காட்சியின் தாளத்துக்கே அமைக்கப்பட்டன. தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் நொடிக்கு 15,625 கோடுகள் (ஏறத்தாழ 15.6 கிலோஹெர்ட்ஸ்), என்டிஎஸ்சி (NTSC) முறையில் ஏறக்குறைய 15,734 கோடுகள் வரையப்படும். விஜிஏ மானிட்டரோ 31.5 கிலோஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. ஆகவே எந்தக் கேபிளையும் வாங்குவதற்கு முன், உங்கள் கணினி எந்த அதிர்வெண்ணில் படம் தருகிறது, உங்கள் மானிட்டர் எந்த அதிர்வெண் முதல் ஏற்கிறது என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மானிட்டர் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் கிடைமட்ட அதிர்வெண் வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். அது 30 அல்லது 31இல் தொடங்கினால் நேரடி இணைப்பு பயன்படாது. 15இலிருந்து தொடங்கும் தட்டை மானிட்டர்கள் மிகச் சில; கையேட்டில் குறிப்பிடாமலேயே ஏற்பவையும் உண்டு, பென்க்யூ பிஎல்702ஏ அப்படிப் பெயர் பெற்றது. ஸ்கார்ட் எனும் ஐரோப்பிய வீடியோ சாக்கெட் கொண்ட பழைய தொலைக்காட்சியோ கமடோர் 1084எஸ் மானிட்டரோ கையில் இருந்தால், வேறெதுவும் தேவையில்லை.

கேபிள் விஷயத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனெனில் கணினிக்கே சேதம் வரக்கூடிய இடம் இதுதான். அமிகாவின் வீடியோ போர்ட் 23 பின் கொண்டது. அந்த அளவுக் கனெக்டர் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் பலர் 25 பின் பெண் கனெக்டரை வாங்கி, ஒரு முனையில் மேல்வரிசையில் ஒரு துளையும் கீழ்வரிசையில் ஒரு துளையும் போகும்படி இரும்பு அறுக்கும் ரம்பத்தால் அறுத்துப் பயன்படுத்துகிறார்கள். அறுத்தபின் உலோக உறை இல்லாத அந்த முனை, ஒரு பின் தள்ளியும் போர்ட்டில் நுழைந்துவிடும். 22ஆம் பின்னில் 12 வோல்ட், 23ஆம் பின்னில் 5 வோல்ட் வருவதால், தள்ளி நுழைந்த கனெக்டர் ஒரு நொடியில் விலைமதிப்பற்ற சிப்பைக் கொன்றுவிடலாம். நான் எப்போதும் மேல்பக்கத்தில் வெள்ளை நெயில் பாலிஷால் ஒரு கோடு இட்டுக்கொள்வேன். கணினியின் மின்சாரத்தை நிறுத்தாமல் இந்தக் கேபிளைச் செருகுவதும் இல்லை, உருவுவதும் இல்லை.

சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவை முறையே 3, 4, 5ஆம் பின்களில் உள்ளன. கோடும் படமும் எங்கே தொடங்க வேண்டும் என்று மானிட்டருக்குச் சொல்லும் சிங்க் (sync) சிக்னலின் ஒருங்கிணைந்த வடிவம் 10ஆம் பின்னிலும், கிடைமட்ட சிங்க், செங்குத்து சிங்க் இரண்டும் 11, 12ஆம் பின்களிலும் வருகின்றன. இந்தக் கடைசி இரண்டு பின்களும் வெளி வீடியோவோடு அமிகாவின் படத்தை ஒத்திசைக்கும் ஜென்லாக் கருவிக்காக உள்ளீடாகவும் செயல்படக்கூடியவை; அதனால் அவை மையச் சிப்போடு ஏறத்தாழ நேரடியாகவே தொடர்பு கொண்டிருக்கின்றன. வெறும் கம்பிகளால் ஆன விஜிஏ அடாப்டரை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம். நடுவில், கணினியின் சிப்பைக் காக்கும் இடைச் சிப்பான பஃபர் சிப் உள்ள அடாப்டரை மட்டும் வாங்குங்கள். ஸ்கார்ட் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் 10ஆம் பின்னைப் பயன்படுத்தலாம்; அங்கே வரும் சிங்க் மின்னழுத்தம் ஸ்கார்ட் எதிர்பார்ப்பதைவிட அதிகம் என்பதால், கேபிளுக்குள் சில நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி மாற்றிகளுக்கு வருவோம். கணினியைத் திறக்க விருப்பமில்லாதவர்களுக்கு ஓஎஸ்எஸ்சி எனப்படும் வெளிப்புறக் கருவி ஏற்றது. அது படத்தை நினைவகத்தில் சேமித்து வைக்காமல், வரும் ஒவ்வொரு கோட்டையும் இரண்டு, மூன்று மடங்காக்கி உடனே அனுப்பிவிடுவதால் விளையாட்டில் தாமதம் தெரியாது. அதே காரணத்தால் பால் அமிகாவின் 50 ஹெர்ட்ஸ் அப்படியே மானிட்டருக்குப் போய்ச் சேரும். 60 ஹெர்ட்ஸை மட்டுமே ஏற்கும் மானிட்டர் இங்கும் கைவிரித்துவிடும் என்பதால், 50 ஹெர்ட்ஸை ஏற்கிறதா என்பதையும் முன் சொன்ன தாளில் எழுதிக்கொள்வது நல்லது.

திறந்து பார்க்கத் தயங்காதவர்களுக்கு இன்னும் தெளிவான படம் கிடைக்கும். அமிகா 500, 2000 ஆகியவற்றில் படத்தை உருவாக்கும் டெனிஸ் என்ற சிப் சாக்கெட்டில்தான் அமர்ந்திருக்கிறது. ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ என்ற திறந்த வடிவமைப்புப் பலகை அந்தச் சாக்கெட்டில் அமர, டெனிஸ் அதன்மேல் அமரும். பலகையில் பொருத்தப்பட்ட ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற சிறு கணினி படத்தை எச்டிஎம்ஐயாகத் தருகிறது. நிறங்கள் அனலாக் ஆவதற்கு முன்பே, ஒரு நிறத்துக்கு 4 பிட் வீதம் டிஜிட்டலாகவே எடுக்கப்படுவதால் 4096 நிறங்களும் சிறிதும் கலங்காமல் வருகின்றன. டெனிஸை எடுக்கும்போது ஸ்க்ரூடிரைவரை ஒரே பக்கம் கொடுத்து நெம்ப வேண்டாம். இரு முனைகளிலும் மாறி மாறி, ஒரு மில்லிமீட்டர் அளவே தூக்கிக்கொண்டு வாருங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாத கால்கள் எளிதில் வளையும். அமிகா 1200, 4000 ஆகியவற்றில் டெனிஸ் இல்லை, அதன் இடத்தில் லிசா என்ற சிப் இருக்கிறது; அவற்றுக்கு லிசாவின்மேல் கவ்விக்கொள்ளும் இண்டிவிஷன் ஏஜிஏ பலகை உண்டு. அமிகா 3000 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம், ஏனெனில் கோடுகளை இரட்டிப்பாக்கும் சுற்றும் விஜிஏ போர்ட்டும் அதில் பிறவியிலேயே இருக்கின்றன.

அமிகா 1200இல் மென்பொருளாலேயே அதிர்வெண்ணை உயர்த்தலாமே என்று சிலர் கேட்கிறார்கள். முடியும், ஆனால் முழுத் தீர்வாகாது. ஸ்டோரேஜ் டிராயரில் (அமிகாவில் கோப்புறைக்கு டிராயர் என்று பெயர்) உள்ள மானிட்டர்ஸ் கோப்புகளை டெவ்ஸ் டிராயரில் உள்ள மானிட்டர்ஸுக்கு நகர்த்தி, மறுபடி துவக்கினால் புதிய திரை முறைகள் தோன்றும். அவற்றில் டபுள்பால் சுமார் 27 கிலோஹெர்ட்ஸில் இயங்குவதால் அதைப் பல விஜிஏ மானிட்டர்கள் ஏற்பதில்லை. மல்டிஸ்கேன் முறை 31 கிலோஹெர்ட்ஸை எட்டுவதால் பெரும்பாலும் ஏற்கப்படும். ஆயினும் துவக்க மெனுவும், சிப்களை நேரடியாக இயக்கும் விளையாட்டுகளும் 15 கிலோஹெர்ட்ஸிலேயே வரும் என்பதால், அந்த நேரங்களில் திரை இருண்டே கிடக்கும்.

கிராபிக்ஸ் கார்டைப் பற்றி நிலவும் பெரிய தவறான எண்ணமும் இங்கேதான் பிறக்கிறது. கார்டைப் பொருத்திவிட்டால் எல்லாப் படமும் கார்டு வழியே வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. அமிகாவில் அப்படி இல்லை: கார்டு வரைவது ஒரு படம், அமிகாவின் சொந்தச் சிப்கள் வரைவது வேறொரு படம், இரண்டும் தனித்தனிப் போர்ட்களில் வெளியேறுகின்றன. அமிகாவின் மேசைத்திரையான ஒர்க்பெஞ்சும் ஒழுங்காக எழுதப்பட்ட செயலிகளும் கார்டுக்கு வரும். விளையாட்டுகள் பழைய போர்ட்டிலேயே நிற்கும். எனவே இரண்டு உள்ளீடுகள் கொண்ட மானிட்டரை வாங்குங்கள், அல்லது சொந்தப் படத்தையும் தன் வழியே எடுத்துத் தரும் கார்டைத் தேடுங்கள். பிக்காசோ 4 அப்படிப்பட்டது. இன்றைய கார்டுகளில் இசட்இசட்9000, வீடியோ ஸ்லாட்டில் செருகும் துணைப் பலகையின் உதவியோடு அதே வேலையைச் செய்கிறது. இவையெல்லாம் சோரோ எனப்படும் விரிவாக்கக் கார்டு ஸ்லாட் உள்ள 2000, 3000, 4000 கணினிகளுக்கே பொருந்தும். அமிகா 500 வைத்திருப்பவர்கள் பிராசஸர் சாக்கெட்டில் பிஸ்டார்ம் என்ற, ராஸ்பெர்ரி பையால் இயங்கும் பலகையைப் பொருத்தினால் ராஸ்பெர்ரி பையின் எச்டிஎம்ஐ வழியே இத்தகைய திரை கிடைக்கும். அங்கும் விளையாட்டுப் படம் பழைய போர்ட்டில்தான் வரும்.

அமிகா 2000 உரிமையாளர்கள் கார்டுகளுக்குக் கணினி ஒதுக்கும் நினைவக முகவரி இடத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். அதன் ஸ்லாட்களை இணைக்கும் சோரோ 2 பஸ்ஸில் நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டது மொத்தம் 8 மெகாபைட். சோரோ ரேம் கார்டு அந்த எட்டையும் எடுத்துக்கொண்டிருந்தால், வழக்கமான அமைப்பில் 2 மெகாபைட் கேட்கும் பிக்காசோ 2 கிராபிக்ஸ் கார்டுக்கு இடமிருக்காது. கார்டு பழுது என்று தவறாக எண்ணத் தோன்றும். ரேமை 4 மெகாபைட்டாகக் குறைத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். வேகமான பிராசஸர் கொண்ட ஆக்சிலரேட்டர் கார்டின் மேல் அமர்ந்த 32 பிட் நினைவகம் இந்தக் கணக்கில் வராது. வேகத்திலும் எல்லை உண்டு. சோரோ 2 நொடிக்குச் சுமார் 3.5 மெகாபைட்தான் கடத்தும். 800க்கு 600 திரை 16 பிட் நிறத்தில் 960,000 பைட் என்பதால், முழுத் திரையையும் பிராசஸர் ஒருமுறை நிரப்பவே கால் நொடிக்கு மேலாகும். 256 நிறங்களில் அது பாதியாகக் குறைகிறது. சோரோ 2இல் அதுவே என் பரிந்துரை.

கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளாகப் பிக்காசோ96 போதும். அதற்கு 68020 அல்லது அதற்கு மேற்பட்ட பிராசஸர் தேவை. நிறுவும்போது உங்கள் கார்டின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் டெவ்ஸில் உள்ள மானிட்டர்ஸ் டிராயரில் அதற்குரிய கோப்பு அமரும். மறுபடி துவக்கி, ஸ்க்ரீன்மோட் அமைப்பில் புதிய முறையைத் தேர்ந்தெடுங்கள். புதிய திரை நிலையாக வரும்வரை பழைய போர்ட்டில் இணைத்த மானிட்டரைக் கழற்ற வேண்டாம். படம் போய்விட்டால், கிக்ஸ்டார்ட் எனும் ரோம் மென்பொருளின் 3ஆம் பதிப்பு உள்ள கணினியில் மவுஸின் இரு பொத்தான்களையும் அழுத்தியபடி துவக்கி, துவக்கத்தில் தானாக ஓடும் ஸ்டார்ட்அப்-சீக்வன்ஸ் கட்டளைக் கோப்பு இல்லாமல் உள்ளே போய், அந்த மானிட்டர் கோப்பை வேறிடத்துக்கு நகர்த்தினால் போதும். அதே துவக்க மெனுவில் பால், என்டிஎஸ்சி மாற்றமும் உண்டு. 50 ஹெர்ட்ஸை ஏற்காத மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு அது கைகொடுக்கும்.

ஓஎஸ்எஸ்சி வழியே இணைத்தவர்களுக்கு ஒரு வேலை மீதமிருக்கிறது. எழுத்துகளின் விளிம்பு மங்கலாகவோ, ஓரிடத்தில் கூர்மையாகவும் அடுத்த இடத்தில் கலங்கலாகவும் தெரிந்தால், கருவி ஒரு கோட்டில் எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை அமிகாவோடு பொருந்தவில்லை என்று பொருள். பால் அமிகாவின் ஒரு கோடு 227 நிறக் கடிகாரத் துடிப்புகள் கொண்டது. ஒவ்வொன்றிலும் 640 அகல முறையின் நான்கு புள்ளிகள் அடங்கும், ஆக 908. மாதிரி எண்ணிக்கையை 908 என்று வைத்து, ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளை என்று மாறி மாறிவரும் செங்குத்துக் கோடுகளை ஒர்க்பெஞ்ச் பின்னணியாக இட்டு, சாம்பல் பட்டைகள் மறைந்து கோடுகள் தனித்தனியாகத் தெரியும்வரை மாதிரி எடுக்கும் கணத்தை மாற்றும் ஃபேஸ் அளவை ஒவ்வொரு படியாக நகர்த்துங்கள். தெளிந்தவுடன் அந்த அமைப்பை ஒரு புரொஃபைலாகச் சேமித்துவிடுங்கள்.