ஸ்னோபோர்டு வாங்கும் முன் நான்கு பலகைகளை வளைத்துப் பாருங்கள்

இரு காலையும் ஒரே பலகையில் பூட்டிப் பனிச்சரிவில் சறுக்குவதுதான் ஸ்னோபோர்டு. அதற்காகக் காஷ்மீரின் குல்மார்க்குக்கோ உத்தராகண்டின் ஆலிக்கோ கிளம்பத் திட்டமிடும் தஞ்சை, நாகைப் பக்கத்து ஆட்கள் முதலில் சிக்குவது விளம்பரச் சொற்களில்தான். கார்பன், ட்ரையாக்ஸ், மூங்கில் கோர் என்று அடுக்குவார்கள். பலகை காலுக்கு எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு: நடுவில் இருக்கும் மரத்தின் (கோர்) தடிமன், அதன்மேல் ஒட்டிய ஃபைபர் (கண்ணாடி இழை) ஓடும் திசை. இதை நான்கு சிறிய மாதிரிப் பலகைகள் செய்து, பனியே இல்லாமல் வீட்டு வாசலில் சோதித்துவிடலாம்.

ஸ்னோபோர்டின் அடுக்குகள் கீழிருந்து மேலாக இப்படி: பாலிஎத்திலீன் அடித்தகடு, அதைச் சுற்றி எஃகு விளிம்பு, ஃபைபர், மரக் கோர், மறுபடி ஃபைபர், மேல்தாள். பக்கச் சுவர் ஏபிஎஸ் பிளாஸ்டிக். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது எப்பாக்ஸி ரெசின்.

படி 1: மரம்

மரவாடியில் ஒரே மலைவேம்புப் பலகையிலிருந்து 80 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் நான்கு துண்டு அறுத்து இழைத்து வாங்குங்கள். மூன்று 5 மி.மீ., ஒன்று 6 மி.மீ. பிளைவுட் வேண்டாம், அதன் குறுக்கு அடுக்குகள் சோதனையைக் குழப்பிவிடும். ஸ்னோபோர்டு ஆலைகளில் பாப்லரும் ஆஸ்பெனும் அதிகம்; எடை குறைய வேண்டுமானால் பவுலோனியா, துள்ளலும் உறுதியும் வேண்டுமானால் ஆஷ் அல்லது மூங்கில் கலப்பார்கள்.

டெல்டாவில் மரத்தின் ஈரம்தான் பெரிய எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். மற்ற மாதங்களிலும் துண்டுகளை நிழலில் காய வைத்து, தினமும் எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகே ரெசின். ஈர மரத்தில் ஒட்டினால் பின்னால் மரம் சுருங்கும், பலகை கோணும், மேலே ஒட்டிய ஃபைபர் உரியும்.

படி 2: ஃபைபரும் ரெசினும்

நாகையில் ஃபைபர் படகு வேலைக்குப் பொருள் விற்கும் கடையில் சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ள ரோவிங் துணி (கண்ணாடி இழைக் கற்றைகளை நெய்தது) ஒன்றரை மீட்டர் போதும். அதே கடையில் கிடைக்கும் ‘மேட்’ (நெய்யாமல், வெட்டிய இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு) வேண்டாம். அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் கரைவதற்கென்று போட்டது. எப்பாக்ஸியில் சரியாகக் கரையாமல் வெள்ளையாக விறைத்து நிற்கும். பாலியெஸ்டர் ரெசினையும் தவிருங்கள்: இறுகும்போது சுருங்கும், மரத்தில் பிடிப்பும் குறைவு.

எப்பாக்ஸி, அதை இறுக வைக்கும் ஹார்டனரோடு சேர்த்து 400 கிராம். டப்பாவில் உள்ள விகிதத்தைத் தராசில் அளந்தே கலக்க வேண்டும். கண்மதிப்பில் ஊற்றினால் பிசுபிசுப்பாகவே கிடக்கும். ஒரு தடவைக்கு 100 கிராம், அதுவும் அகலமான தட்டில். ஆழமான கப்பில் மொத்தமாகக் கலந்தால் சூடேறிப் புகையும். வெப்பம் 10 டிகிரி கூடினால் கைவேலைக்கான நேரம் ஏறக்குறைய பாதியாகும். சித்திரையில் விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். கையுறை கட்டாயம்.

படி 3: ஒட்டுதல்

முதல் துண்டு (5 மி.மீ.) வெறும் மரமாகவே இருக்கட்டும். இரண்டாவதன் (5 மி.மீ.) இரு பக்கமும் துணியை நேராக வெட்டி ஒட்டுங்கள், இழை நீளவாக்கிலும் குறுக்கிலும் ஓடும். ஸ்னோபோர்டு கடைக்காரர் சொல்லும் ‘பையாக்ஸ்’ இதுதான். மூன்றாவதற்கு (5 மி.மீ.) அதே துணியை 45 டிகிரி சாய்த்து வெட்டுங்கள். நான்காவது 6 மி.மீ. மரம், நேரான துணி.

மரத்தில் முதலில் மெல்லிதாக ரெசின் தடவி, துணியைப் பரப்பி, வெள்ளை மறைந்து கண்ணாடிபோல் ஆகும்வரை பிரஷால் குத்திக் குத்தி நனையுங்கள். மிஞ்சியதை வழித்தெடுங்கள், அதிக ரெசின் எடையைத்தான் கூட்டும். பாலித்தீன் தாளில் சுற்றி, இரண்டு கடப்பா கல்லுக்கு நடுவே வைத்து, மேலே 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை ஏற்றி ஒரு நாள் விடுங்கள்.

தாள் ஒட்டாமல் அப்படியே கழன்றுவரும். அதே குடும்பத்துப் பிளாஸ்டிக்கில்தான் ஸ்னோபோர்டின் அடித்தகடும் இருக்கிறது. அதனால்தான் ஆலைகளில் அதன் உட்புறத்தைத் தேய்த்து, தீ காட்டிய பிறகே ஒட்டுகிறார்கள்.

மேலே மெழுகுபோல் வியர்த்திருந்தால் அது ஈரக் காற்றின் வேலை. சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போகும், தின்னர் தேவையில்லை. ஓரங்களைத் தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள்.

படி 4: சோதனை

இரண்டு செங்கல்லை 70 செ.மீ. இடைவெளியில் வைத்து, பலகையின் நடுவில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டுத் தாழ்வை அளந்து எழுதுங்கள். நேர் துணிப் பலகை வெறும் மரத்தைவிட மிகக் குறைவாக வளையும். சாய்ந்த துணி இரண்டுக்கும் இடையில். 6 மி.மீ. பலகைதான் ஆச்சரியம், எல்லாவற்றிலும் குறைவாக வளைவது அதுவே. வெறும் மரத்தின் விறைப்பு தடிமனின் மும்மடியில் ஏறுவதால் (5×5×5 = 125, 6×6×6 = 216) ஒரே ஒரு மில்லிமீட்டர் இவ்வளவு பேசுகிறது. கோரை நடுவில் ஏழெட்டு மி.மீ., முனைகளில் 2 மி.மீ. அளவுக்கு இழைப்பதன் காரணமும் இதுவே.

அடுத்தது முறுக்கு. ஒரு முனையை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, மறுமுனையில் ஒரு ஸ்கேலைக் குறுக்கே கட்டி, அதன் ஓரத்தில் ஒரு கிலோ தொங்கவிடுங்கள். இப்போது கதை மாறும்: வளைவில் விட்டுக்கொடுத்த சாய்ந்த துணிதான் முறுக்கில் இறுகி நிற்கும்.

நேர் இழையோடு 45 டிகிரி இழையையும் சேர்த்தால் அது ட்ரையாக்ஸ். முறுக்கில் இறுகிய பலகை கெட்டிப் பனியில், வேகத்தில், விளிம்பை நன்றாகப் பிடிக்கும்; ஆனால் பழகாத காலின் சிறு பிசகையும் மன்னிக்காது. பையாக்ஸ் இளகியது, முன்கால், பின்கால் அழுத்தத்துக்குத் தனித்தனியாக முறுக்கிக் கொடுக்கும், திரும்ப எளிது. கார்பன் எடையைக் கூட்டாமல் விறைப்பையும் துள்ளலையும் தரும். முதல் வருடத்துக்கு அது வீண்செலவு என்பேன்.

வாடகைக் கடையில் பலகையின் வாலைத் தரையில் ஊன்றி நடுவை அழுத்துங்கள், பிறகு இரு ஓரங்களைப் பிடித்து முறுக்குங்கள். இரண்டிலும் இணங்கும் பாப்லர் கோர், பையாக்ஸ், எக்ஸ்ட்ரூடட் (பிளாஸ்டிக்கை உருக்கித் தகடாகத் தள்ளிய) அடித்தகடு உள்ளதை எடுங்கள். சின்டர்டு (பிளாஸ்டிக் தூளைச் சூட்டில் அழுத்திச் செய்த) அடித்தகடு மெழுகை உறிஞ்சி வேகமாக ஓடும். அடிக்கடி மெழுகு போடாவிட்டால் அந்த வேகம் நீடிக்காது.