பூர்வீக வீட்டைக் காலி செய்யும்போது முன்னோர் படங்களை எங்கே வைப்பது

சோழவந்தான், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பழைய ஓட்டு வீட்டை விற்றுவிட்டோ பூட்டிவிட்டோ மதுரையில் வாடகைக்குக் குடியேறும் குடும்பங்களுக்கு, பட்டாசாலைச் சுவரில் மாட்டியிருக்கும் தாத்தா, பாட்டி படங்களே பெரிய கேள்வியாக நிற்கின்றன. எங்கே வைப்பது என்று கேட்பதற்கு முன், திதியன்று அவற்றை எடுத்து மாலை போடப்போவது யார் என்பதைப் பங்காளிகள் கூடி முடிவு செய்ய வேண்டும். ஆள் முடிவானால் இடம் பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும்.

அமாவாசையன்று படையலிட்டு, சூடம் காட்டி, வீடு மாறுவதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் படங்களை இறக்கினால் பெரியவர்களுக்கு மனக்குறை இராது. இறக்கிய கையோடு சட்டத்தைப் பிரிக்கக் கூடாது. பழைய ஸ்டூடியோப் படங்களில் காகிதத்தின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு, பல மழைக்காலத்து ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இதை அறியாமல் நான் என் தாத்தாவின் படத்தைப் பிரித்து இழுத்ததில், அவருடைய மீசையில் பாதி கண்ணாடியோடு போய்விட்டது. என் அத்தை அதற்காக இன்றும் என்னைப் பேசுகிறார். ஆகவே, காய்ந்திருக்கும் சந்தனத்தையும் குங்குமத்தையும் நனைத்துப் பிழிந்த துணியால் ஓரங்களில் நீர் இறங்காமல் துடைத்து, கண்ணாடியோடே செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்பலகையில் கரையான் மண்ணோ ராமபாணப் பூச்சி அரித்த தடமோ தெரிந்தால், படம் கண்ணாடியில் ஒட்டியிருப்பதைச் சொல்லி, பலகையை மட்டும் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

'தோற்றம்', 'மறைவு' என்று எழுதிய படங்களில்கூட ஆங்கிலத் தேதி மட்டுமே இருக்கும். திதி கொடுக்கத் தேவைப்படுவது தமிழ் மாதமும், வளர்பிறையா தேய்பிறையா என்பதும், திதியின் பெயரும் என்பதால், அவற்றை முழுப்பெயர், ஊர், உறவுமுறையோடு தடித்த தாளில் பென்சிலால் எழுதிச் சட்டத்தின் பின்னால் கட்டிவிட வேண்டும்.

ஜப்பானிய பௌத்தக் குடும்பங்கள் பலவும், இறந்தவருக்குச் சூட்டிய சமயப் பெயரும் மறைந்த நாளும் பொறித்த 'இஹாய்' என்னும் சிறு மரப்பலகையை வீட்டுப் பீடத்தில் வைத்து வணங்குகின்றன. பார்த்துக்கொள்ள ஆளில்லாதபோது, கட்டணம் பெற்று அதை வைத்துப் பூசை செய்யும் கோயில்கள் அங்கே உண்டு. பல இடங்களில் 33ஆம் ஆண்டு நினைவோடு தனி வழிபாடு முடிந்து, பொது வழிபாட்டில் சேர்த்துவிடுவார்கள். நம் பக்கம் அப்படியோர் ஏற்பாடு வழக்கத்தில் இல்லையென்றாலும், எத்தனை காலத்துக்கு என்று முதலிலேயே பேசிக்கொள்வதை நாம் எடுத்துக்கொள்ளலாம். குலதெய்வக் கோயில் சாமான் அறையில் வைத்துவிடலாம் என்று சிலர் எண்ணுவதுண்டு. பூசாரியும் எல்லாப் பங்காளிகளும் சம்மதித்தாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் பல ஊர்களில் அந்த அறை மாசி சிவராத்திரிக்கு மட்டுமே திறக்கப்படுகிறது.

உடன்பிறந்தவர் வீட்டுச் சுவரே நல்ல இடம். அங்கும் மாட்ட வழியில்லையென்றால், துவைத்துக் காய்ந்த பழைய வேட்டியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் நிமிர்த்தி அடுக்கி, வெளிச்சுவரை ஒட்டாமல் ஒரு மரப்பலகையின் மேல் வைக்க வேண்டும். செய்தித்தாளில் சுற்றினால் அதிலுள்ள அமிலம் படத்தை மஞ்சளாக்கும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். பரணோ சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் திருப்புவனம் வைகைக் கரையில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வீடு திரும்பியதும் பெட்டியைத் திறந்து, துணியை மாற்றி, படங்களை ஒரு பகல் நிழலில் காற்றாட வைத்தால், பூச்சி ஏறியிருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.