மூடாத குடுவை: பாஸ்டரின் சோதனையைச் சென்னையில் செய்து பார்க்க

காற்று புக வேண்டும், தூசி புகக் கூடாது. காய்ச்சிய சாற்றில் கிருமி தானாகத் தோன்றுவதில்லை, தூசியோடுதான் வந்து சேர்கிறது என்று காட்ட 1860களின் தொடக்கத்தில் லூயி பாஸ்டர் செய்த வளைகழுத்துக் குடுவைச் சோதனைக்கு இதுதான் உயிர்நாடி. பள்ளிக் கண்காட்சிகளில் பலர் குடுவையை இறுக மூடிவிடுகிறார்கள். அது வீண் வேலை. 18ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி சாறுள்ள குடுவையை அடைத்துக் காய்ச்சி, அது கெடாததைக் காட்டினார். காற்றைக் கெடுத்ததால்தான் உயிர் தோன்றவில்லை என்று, உயிர் தானாகத் தோன்றும் என்று நம்பிய எதிரணி நழுவிக்கொண்டது.

250 மி.லி. போரோசிலிகேட் கோனிகல் ஃபிளாஸ்க் மூன்று, ஒரு துளை ரப்பர் கார்க் இரண்டு, 6 மி.மீ. கண்ணாடிக் குழாய் தேவை. பாரிமுனைப் பக்கம் ஆய்வகச் சாமான் கடைகளில் கிடைக்கும். பன்சன் பர்னரில் காட்டி, குழாய் மேலேறி, இறங்கி, மறுபடி ஏறும்படி வளையுங்கள். ஆவி குளிர்ந்து தேங்கும் அந்தப் பள்ளத்தில்தான் தூசி சிக்கும். ஐ.வி. ட்யூப் வைத்து ஒப்பேற்ற வேண்டாம்: ஆவிச் சூட்டில் தொய்ந்து மடிந்து அடைத்துக்கொண்டால் கார்க் தெறிக்கும்.

கொழுப்பு நீக்கிய கோழிக்கறி 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் சிறுதீயில் வேகவைத்து, ஆறவிட்டு, மேலே படரும் கொழுப்பை எடுத்துவிட்டு, துணியிலும் பிறகு வடிதாளிலும் வடிகட்டுங்கள். மஞ்சள், மிளகு கூடாது. புளி கூடவே கூடாது. புளிப்பில் பல பாக்டீரியாக்கள் வளராது. கலங்குகிறதா என்பதைத்தான் பார்க்கப்போகிறோம், எனவே சாறு தெளிவாக இருக்க வேண்டும்.

குடுவைக்கு 100 மி.லி. ஊற்றி, இரண்டுக்குக் குழாய் பொருத்தி, மூன்றாவதைத் திறந்தே விட்டு, கம்பிவலைமேல் 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். குழாய் நுனியில் 10 நிமிடமாவது ஆவி வரவேண்டும். அணைத்தபின் ஃபேன் போடாமல், அசைக்காமல், தானாக ஆறவிடுங்கள். சட்டென்று குளிர்ந்தால் காற்று வேகமாக உள்ளே இழுபடும், தூசியோடு.

பெரும்பாலும் சொதப்புவது இதற்கு அப்புறம்தான். வளைகழுத்துக் குடுவையும் இரண்டே நாளில் கலங்கும். காரணம், சில பாக்டீரியாக்களின் ஸ்போர்கள் (விதைபோல உறங்கிக் கிடக்கும், சூடு தாங்கும் வடிவங்கள்) 100 டிகிரியில் கொதித்தாலும் சாகாது. 1877இல் ஜான் டிண்டால் காட்டிய வழியைப் பிடியுங்கள்: மூன்று குடுவைகளையும் அடுத்தடுத்து மூன்று நாள், தினம் 20 நிமிடம் கொதிக்கவையுங்கள். இடைப்பட்ட நேரத்தில் ஸ்போர்கள் முளைக்கும். முளைத்தவை அடுத்த கொதியில் மடியும். அவை முளைக்க நம் ஊர் வெக்கையே போதும்.

மூன்றாம் கொதிக்குப் பிறகு நாளெண்ணுங்கள். திறந்த குடுவை ஓரிரு நாளில் கலங்கிவிடும். மற்ற இரண்டும் இரண்டு வாரம் தெளிவாக இருந்தால், ஒன்றை மட்டும் சாய்த்து, சாறு பள்ளத்தைத் தொட்டுத் திரும்பும்படி செய்யுங்கள். அதுவும் சில நாளில் கலங்கும். காற்று முதலிலிருந்தே போய்வந்துகொண்டுதான் இருந்தது. புதிதாகச் சேர்ந்தது தூசி மட்டுமே.

கிருமி கிருமியிலிருந்தே வருகிறது என்பதுவரைதான் இச்சோதனை பேசும். இன்ன கிருமிதான் இன்ன நோய்க்குக் காரணம் என்று காட்டியது ராபர்ட் கோக்: 1876இல் ஆந்த்ராக்ஸ், 1882இல் காசநோய்.

கலங்கிய குடுவையை முகர்ந்து பார்க்காதீர்கள். குழாயைக் கழற்றாமல் 20 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியதும் ஒரு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கழிப்பறையில் ஊற்றுங்கள். அன்றைக்கு அங்கே ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம், குளோரின் வாயு கிளம்பும்.